இரைப்பைக் கணக்கு

வலைப்பாட்டுக் கரைக்கு அது வந்தது
வியாகுலத்தாரின் நண்டு வலையைச் சுற்றிக்கொண்டு.
முதுகில் செட்டை இல்லை. மூக்கும் நீளவில்லை.
நனைந்த ரியூப் போல ஒரு கறுப்பு.

ஓங்கில், என்றார் ஒருவர்.
ஓங்கில் துள்ளும். இது துள்ளாது,
மூச்சுக்கு மட்டும் மேலே வந்து
ஒரு தும்மலோடு போய்விடும்.
கடற்பன்றி, என்றார் வியாகுலத்தார்,
பன்றியில் அழுத்தி.

‘பதினொரு துண்டு வலை நாசம்.
என்ர நண்டைத் திண்டதும் இதுதான்.
வயித்தை வெட்டிப் பாக்கட்டும்.’
நான் சங்கத்து எழுதுநர்.
நட்டப் பத்திரத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில்
பேனையை வைத்தபடி நின்றேன்.

பூநகரி பஸ்ஸில் வந்திறங்கினாள்
கம்பஸ் பிள்ளை, மிதுர்ஷா,
வனசீவராசிக் கந்தோரின் கடிதம் ஒரு கையில்,
கத்திகள் சுற்றிய துவாய் மற்றக் கையில்.
மீன் ஏலம் போடும் பலகையைக் கழுவிக் கொடுத்தோம்.
இரைப்பையை அறுத்து
அரிதட்டில் கவிழ்த்துத் தண்ணீர் வார்த்தாள்.
சீட்டுக்காசு எண்ணுகிற இடம்போல
சுற்றி நின்றோம்,
மூக்கைப் பொத்திக்கொண்டு.

அலகு, என்றாள். கணவாயின் அலகு.
கிளிமூக்கின் சின்ன வடிவம், பழுப்பு நிறம்.
சதை கரையும், இது கரையாதாம்.
அறுபத்தொன்று.
றால் கோது ஒரு பிடி.
பிறகு செவிக்கல்:
மீனின் தலைக்குள் இருக்கிற வெள்ளைக் கல்,
குறுநொய் அளவு.
அதைப் பார்த்தே
இது காரல், இது நெத்தலி என்று பிரித்தாள்.
‘எழுதுங்கோ அக்கா.’
வேறு தாள் இல்லை. பத்திரத்தின் பின்பக்கம் எழுதினேன்.

காரல் என்றால், வலையில் பட்டதை உதறி
கோழித்தீன்காரனுக்கு வாளியோடு கொடுப்பது.

நண்டு?
‘நண்டு இல்லை, ஐயா.’
கால்?
‘ஒரு காலும் இல்லை.’
வடிவாப் பார்.
இன்னொரு வாளி தண்ணீர் வார்த்தாள்.
வியாகுலத்தாரும் குந்தியிருந்து
தன் விரலால் கிளறினார்.

எனக்கு வேறொரு கணக்கு நினைவில் வந்தது.
ஒருக்கால் எங்கள் வயிறுகளையும் எண்ணினார்கள்,
எங்கேயோ ஒரு மேசையில் இருந்து.
குறைத்து எண்ணினார்கள்.
அந்த எண்ணுக்குத்தான் மா வந்தது.
இவளோ
றாலின் அரைத் தலையைக்கூடத் தவற விடவில்லை.

கலங்கல் தண்ணியில இதுக்குக் கண் உதவாது,
என்று சொல்லிக்கொண்டே அலசினாள்.
சின்னச் சின்னதாய்ச் சத்தம் விடும்,
சத்தம் பட்டுத் திரும்புவதை வைத்து
கணவாய் இருக்கிற இடம் அறியும்,
சேற்றோடு சேர்த்து உறிஞ்சும்.
நைலோன் நூல் மெல்லிசு.
அதில் பட்ட சத்தம்
சரியாய்த் திரும்பாது.

‘அக்கரை றோலர் அடியை உழுதால்
கணவாய் கரைக்கு ஒதுங்கும்,’ என்றான் பின்னால் நின்ற டெறன்ஸ்.
‘கணவாய்க்குப் பின்னால இது.’
சரியோ தெரியாது.
எங்கள் வலை எங்கே நின்றதென்று
அவன் சொல்லவில்லை.

கடைசியாக, தொண்டைக்குக் கிட்ட,
முழுசாய் ஒரு கணவாய்.
கண்கூட வெளுக்கவில்லை.
மெல்லாமல் விழுங்கியிருக்கிறது.
‘விடியப்புறம் மூண்டு, மூண்டரைக்குள்ள,’ என்றாள்,
‘அவ்வளவுதான் சொல்லலாம்.’

வியாகுலத்தார் எழும்பி
மண்ணும் கடல்தண்ணியும் போட்டுக் கை தேய்த்தார்.
‘மூண்டரைக்கு நான்
வள்ளத்தில இருந்து பாண் பிச்சனான்,’ என்றார்.
‘சம்பலோட.’
அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பின்பக்கத்துக் கணக்குக்காக
பத்திரத்தை மிதுர்ஷா கொண்டுபோய்விட்டாள்.
கந்தோரில் புதிதொன்று எடுத்தேன்.
பெயர், வள்ள இலக்கம், வலைத்துண்டு பதினொன்று.
காரணம்?

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், கனநேரம்.
‘வலை கிழிஞ்சுது எண்டு மட்டும்
எழுது, பிள்ளை.’